ஒற்றைக் கொம்பின் சரித்திரம்

நம் நாட்டில் அடியோடு அற்றுப்போன பிராணிகளின் கதை நமக்குப் புதிதன்று. சிவிங்கி என்று வழங்கும் வேட்டை மிருகம் இந்தியக் காடுகளிலிருந்து மறைந்துவிட்டதென்று 1952-ஆம் ஆண்டில் அறிவிக்க நேர்ந்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2022-ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிகளைத் தருவித்து மத்தியப் பிரதேசத்துக் காடு ஒன்றில் விட வேண்டியதாயிற்று. இழந்த பொருளை அயலாரிடம் இரந்து பெறுவது எத்தனை அரிய செயலோ, இழக்கவிருந்த பொருளை இருந்த இடத்திலேயே காத்துக்கொள்வதும் அத்தனை அரிய செயல்தான். அத்தகைய அரிய செயல் ஒன்று நம் நாட்டின் வடகிழக்கு மூலையில், பிரம்மபுத்திரா நதியின் கரையில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம் பிழைத்த வரலாறுதான் அது.

முதலில் இப்பிராணியைச் சற்று அறிமுகம் செய்துகொள்வோம். உலகில் இன்று காண்டாமிருக வகைகள் ஐந்து உள்ளன. வெள்ளை, கறுப்பு என்று பெயர் பெற்ற இரண்டும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. சுமத்ரா, ஜாவா, இந்தியா என்ற மூன்றின் பெயர்களைத் தாங்கியவை ஆசியாவின் வகைகள். ஆப்பிரிக்க வகைகளுக்கும் சுமத்ரா வகைக்கும் கொம்பு இரண்டு; ஜாவா வகைக்கும் நம் நாட்டு வகைக்கும் ஒன்றே ஒன்று. நம் நாட்டுக் காண்டாமிருகத்தில் வளர்ந்த ஆண், இரண்டாயிரம் கிலோகிராமுக்கும் அதிகமாக எடை கொண்டது. நிலத்தில் வாழும் பிராணிகளில் யானைக்கு அடுத்தபடியாக எண்ணத்தக்க உருவம். தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குவதால், இரும்புக் கவசம் பூண்ட வீரனைப் போன்ற தோற்றம் அதற்கு அமைந்திருக்கிறது.

தோற்றம் இவ்வாறிருப்பினும், இது புல்லைத் தின்று வாழும் சாதுப் பிராணி. சதுப்பு நிலமும், யானையையே மறைக்கும் உயரமுள்ள நாணற்புல்லும் இதற்கு வேண்டும். வெயில் நேரத்தில் குட்டையில் அமிழ்ந்து கிடக்கும்; நன்றாக நீந்தும். பார்வை மந்தம்; மோப்பமும் செவியும் கூர்மை. ஒரே இடத்தில் சாணமிடும் வழக்கம் உடையதாதலால், காட்டில் ஆங்காங்கே பெரிய சாணக் குவியல்களைக் காணலாம். பல காண்டாமிருகங்கள் ஒரே குவியலைப் பயன்படுத்துவதும் உண்டு. யார் வந்தார், யார் போனார் என்பதை மோப்பத்தால் அறியும் அறிவிப்புப் பலகையாக அக்குவியல் அவற்றுக்கு உதவுகிறது. சண்டை மூண்டால் இது கொம்பைக் காட்டிலும் கீழ்த்தாடையின் கூரிய பற்களையே ஆயுதமாகக் கொள்கிறது. தாய் ஏறக்குறைய பதினாறு மாதம் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆதலால், சில ஆண்டுகளில் நேரும் இழப்பை ஈடு செய்ய இவ்வினத்துக்குப் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

இனி அந்தக் கொம்பு. மாட்டின் கொம்பைப் போல உள்ளே எலும்பு கொண்டதன்று. யானையின் தந்தத்தைப் போலப் பல்லும் அன்று. நம் நகமும் ரோமமும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருளால்தான் காண்டாமிருகத்தின் கொம்பும் ஆனது. ‘கெராட்டின்’ என்று விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். காய்ச்சலைத் தணிக்கும் மருந்து என்று கீழை நாடுகள் சிலவற்றில் நெடுங்காலமாக நம்பி வந்தனர். கொம்பைக் குடைந்து செய்த கிண்ணத்தில் நஞ்சை ஊற்றினால் அது காட்டிக் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் அரண்மனைகளில் இருந்தது. நகத்தைக் கடித்துத் தின்பவனுக்குக் கிடைக்கும் ஆரோக்கியம் எதுவோ, அதைவிட மேலான ஆரோக்கியம் இக்கொம்பினால் கிடைப்பதில்லை. ஆயினும், இந்த ஒரு பொய்யான நம்பிக்கையின் விலையாகவே எண்ணிறந்த காண்டாமிருகங்கள் உயிரிழந்துள்ளன.

இப்பிராணி இன்று அஸ்ஸாம் முதலிய சில இடங்களிலேயே காணப்படுவதால், அது என்றுமே அந்த மூலைக்கு உரியது என்று எண்ணிவிடக் கூடாது. சிந்துவெளி மக்கள் தங்கள் முத்திரைகளில் காண்டாமிருகத்தை மடிப்புத் தோலோடும் ஒற்றைக் கொம்போடும் பிழையின்றிச் செதுக்கி வைத்தனர். மொஹஞ்சதாரோவில் கிடைத்த, யோகாசனத்தில் அமர்ந்த தெய்வ உருவம் கொண்ட புகழ்பெற்ற முத்திரையில் யானை, புலி, எருமை ஆகியவற்றோடு காண்டாமிருகமும் இடம் பெற்றிருக்கிறது. கண்ணால் காணாதவன் அவ்வாறு செதுக்கியிருக்க இயலாது. மகாராஷ்டிரத்தில் தைமாபாத் என்னும் ஊரில் 1974-ஆம் ஆண்டில் அகப்பட்ட வெண்கலப் பொருள்களிலும் காண்டாமிருக உருவம் ஒன்று உண்டு.

குப்தப் பேரரசர்களில் முதலாம் குமாரகுப்தர் ஐந்தாம் நூற்றாண்டில் வெளியிட்ட பொற்காசு ஒன்றில், மன்னர் குதிரைமேல் இருந்து வாளால் காண்டாமிருகத்தைத் தாக்குகிறார். ‘கட்கம்’ என்ற வடசொல்லுக்கு வாள் என்றும் காண்டாமிருகம் என்றும் இரு பொருள் உண்டு. காசைச் சுற்றிப் பொறித்துள்ள எழுத்துகள் அவ்விரு பொருளையும் வைத்துச் சிலேடையாக விளையாடுகின்றன. வடக்கே வாழும் நம்மவர் ஹிந்தியில் ‘கைண்டா’ என்றும், வங்காளத்தில் ‘கண்டார்’ என்றும் இப்பிராணியின் பெயரைக் கேட்டிருப்பர். நம் காண்டாமிருகமும் அச்சொற்களுக்கு உறவினரே. தமிழகத்துக் காடுகளில் நம் முன்னோர் பழகிய பிராணியாக இருந்திருந்தால், யானைக்கும் புலிக்கும் இருப்பது போல நமக்கே உரிய சிறு சொல் ஒன்று பேச்சில் நிலைத்திருக்கும் என்று கருத இடமுண்டு.

பதினாறாம் நூற்றாண்டில் மொகலாய அரசை நிறுவிய பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் காண்டாமிருகத்தை விரிவாக வருணிக்கிறார். அவர் அதை வேட்டையாடியது பெஷாவரை அடுத்த நிலப்பகுதியில். அப்படியாயின், சிந்து நதியிலிருந்து பிரம்மபுத்திரா வரையில், இமயத்தின் அடிவாரம் நெடுகிலும் இது உலவிய காலம் நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டதே. யானையும் காண்டாமிருகமும் எதிர்ப்பட்டால் என்ன நிகழும் என்று அறிய பாபருக்கு ஆவல். யானைகளை ஓட்டிக்கொண்டு வந்தபோது, காண்டாமிருகம் நில்லாமல் ஓடிப்போயிற்று என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அதே ஆவல் போர்ச்சுகல் மன்னர் மானுவேலுக்கும் இருந்தது. குஜராத் சுல்தான் இரண்டாம் முஸாபர் ஷா, போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க்குக்குப் பரிசாக அளித்த காண்டாமிருகம் ஒன்று, 1515-ஆம் ஆண்டு ஜனவரியில் கோவாவில் கப்பலேறி, மே மாதம் லிஸ்பன் நகரை அடைந்தது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பியர் அதுவரை உயிருள்ள காண்டாமிருகத்தைக் கண்டதில்லை. மன்னர் அதனை ஓர் இளம் யானைக்கு எதிராக நிறுத்திப் பார்த்தார். இம்முறை ஓடியது யானை! பின்னர் அந்தப் பிராணியை ரோமாபுரியில் இருந்த போப்பாண்டவர் பத்தாம் லியோவுக்குக் காணிக்கையாக அனுப்பினார். வழியில், 1516-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இத்தாலியக் கடற்கரைக்கு அருகில் கப்பல் புயலில் மூழ்கியது. நன்றாக நீந்த வல்ல அப்பிராணி, கால்களில் சங்கிலி பூட்டியிருந்தமையால் கப்பலோடு அமிழ்ந்தது. லிஸ்பனிலிருந்து வந்த கடிதத்தையும் ஒரு கோட்டுச் சித்திரத்தையும் மட்டும் ஆதாரமாகக் கொண்டு, நேரில் காணாமலே, ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதன் உருவத்தை மரத்தில் செதுக்கி அச்சிட்டார். தோள்மீது இல்லாத ஒரு சிறு கொம்பையும் அவர் சேர்த்துவிட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவின் புத்தகங்களில் காண்டாமிருகம் என்றால் அந்தச் சித்திரந்தான்.

இவ்வாறு அரசர்களின் வியப்புக்கும் விளையாட்டுக்கும் பொருளாக இருந்த பிராணிக்கு உண்மையான ஆபத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கிலும் வங்காளத்தின் வடக்கிலும் தேயிலைத் தோட்டங்கள் பரவின. ஆற்றோரப் புல்வெளிகள் வயல்களாயின. சிறந்த துப்பாக்கிகள் வந்தன. வேட்டை, பெரிய மனிதர்களின் பொழுதுபோக்காயிற்று. கூச்பிஹார் மகாராஜா நிருபேந்திர நாராயணர் தம் முப்பத்தேழு ஆண்டு வேட்டை அனுபவங்களை 1908-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே வெளியிட்டார். அக்காலத்தில் அவருடைய வேட்டைகளில் வீழ்ந்த காண்டாமிருகங்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை. அவர் ஒருவரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. அக்காலத்துக் கனவான்களின் நெறி அதுவாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, இவ்வகையில் உலகம் முழுவதிலும் எஞ்சியவை இருநூறு அளவிலேதான் என்று மதிப்பிடப்படுகிறது.

இந்நிலையில்தான் காஜிரங்காவின் பெயர் சரித்திரத்தில் நுழைகிறது. வைஸ்ராய் கர்ஸன் பிரபுவின் மனைவியார் மேரி கர்ஸன் 1904-ஆம் ஆண்டில் அங்கே சென்றார் என்றும், காண்டாமிருகத்தின் குளம்படிகளை மட்டுமே கண்டு ஏமாற்றத்தோடு திரும்பித் தம் கணவரிடம் முறையிட்டார் என்றும் அஸ்ஸாமில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1905-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியன்று, ஏறக்குறைய 232 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் காப்புக் காடாக்கும் உத்தேச அறிவிப்பு வெளிவந்தது. 1908-ஆம் ஆண்டில் அது காப்புக் காடாகவே ஆயிற்று. அப்போது அங்கே இருந்தவை ஒரு டஜன் காண்டாமிருகங்களே என்று அக்காலத்து மதிப்பீடு ஒன்று கூறுகிறது.

அதன்பின் அந்த நிலத்துக்கு அரசாங்க ஏடுகளில் இட்ட பெயர்களை வரிசையாக நோக்கினாலே, மனித மனம் மாறிய வரலாறு விளங்கிவிடும். 1916-ஆம் ஆண்டில் அதற்கு ‘கேம் சாங்க்சுவரி’ என்று பெயர். ‘கேம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் குமாரகுப்தரின் ‘கட்கம்’ போல இரு பொருள் உடையது: விளையாட்டு என்பது ஒன்று, வேட்டையாடத்தக்க பிராணி என்பது மற்றொன்று. ஆகவே அப்பெயரைத் தமிழில் பெயர்த்தால், ‘வேட்டைப் பிராணிகளின் புகலிடம்’ என்று முரண்பட்ட தொடர் ஒன்று கிடைக்கும். கொல்லுதற்கு உரியவை என்று பெயரிட்டுவிட்டு, அவற்றுக்குப் புகலிடம் தந்தனர்! 1938-ஆம் ஆண்டில் அங்கே வேட்டைக்கு முழுத் தடை வந்தது. பார்வையாளருக்கு வாயில் திறந்தது. 1950-ஆம் ஆண்டில், அஸ்ஸாம் வன அதிகாரியாக இருந்த பி. டி. ஸ்ட்ரேஸியின் முயற்சியால், ‘கேம்’ என்ற சொல்லை நீக்கி ‘வனவிலங்குச் சரணாலயம்’ எனப் பெயர் மாற்றினர். ஒரு சொல்லை மாற்றுவதால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். பிராணியை மனிதனுடைய விளையாட்டுக்கு உரிய பண்டமாக நோக்காமல், வனத்துக்கு உரிய குடியாக நோக்கும் மனநிலை அந்தச் சொல்லோடுதான் ஏட்டில் ஏறியது. அடுத்து வந்த சட்டங்கள் அந்த மனநிலையின் மேல் எழுந்தவை.

1954-ஆம் ஆண்டில் காண்டாமிருகத்தைக் கொல்வோருக்குக் கடுந்தண்டனை விதிக்கும் தனிச் சட்டத்தை அஸ்ஸாம் அரசாங்கம் இயற்றியது. வங்காளத்தில் 1932-ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் ஒன்று இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான அரணாக அமைந்தது. 1974-ஆம் ஆண்டில் காஜிரங்கா தேசியப் பூங்கா ஆயிற்று. 1985-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இம்முயற்சிகளின் பயனை எண்களே எடுத்துரைக்கும். 1966-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் காஜிரங்காவில் இருந்தவை 366 காண்டாமிருகங்கள். 1999-ஆம் ஆண்டில் 1,552 ஆயின. 2018-ஆம் ஆண்டில் 2,413. 2022-ஆம் ஆண்டில் 2,613. இந்தியாவிலும் நேபாளத்திலுமாக இவ்வினத்தின் மொத்தத் தொகை இன்று நாலாயிரத்தைக் கடந்துவிட்டது. ஜாவா வகையோ, ஜாவாத் தீவின் மேற்கு முனையில் உள்ள ஒரே ஒரு காட்டில் ஒடுங்கிவிட்டது. வியத்நாமில் எஞ்சியிருந்த கடைசி ஒன்று 2010-ஆம் ஆண்டில் கொல்லப்பட்டது. ஆப்பிரிக்காவில் வடபகுதி வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் 2018-ஆம் ஆண்டில் இறந்தது. இவற்றோடு ஒப்பிட்டால், அஸ்ஸாம் பெற்ற வெற்றியின் அருமை நன்கு விளங்கும்.

எனினும், உலகில் உள்ள தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரே பூங்காவில் இருப்பது ஆறுதல் தரும் செய்தியன்று. ஒரு கொள்ளைநோயோ, ஒரு பெருவெள்ளமோ வந்தால் முழு இனமும் தத்தளிக்கும். ஆதலால் வேறு இடங்களிலும் இவற்றைக் குடியேற்றும் முயற்சி தொடங்கியது. 1984-ஆம் ஆண்டில் அஸ்ஸாமிலிருந்து சில காண்டாமிருகங்களை உத்தரப் பிரதேசத்துத் துத்வா பூங்காவுக்குக் கொண்டு சென்றனர். மறு ஆண்டில் நேபாளம் நான்கு பெண் காண்டாமிருகங்களைத் தந்தது. நாம் பழக்கிய யானைகளை மாற்றாகத் தந்தோம். நேபாளத்திலும் ஒரு வீழ்ச்சியும் மீட்சியும் உண்டு. 1950-களில் மலேரியாவை ஒழித்த பிறகு தராய்ச் சமவெளியில் மக்கள் பெருவாரியாகக் குடியேறினர். சித்வான் பள்ளத்தாக்கில் காண்டாமிருகங்கள் நூறு அளவுக்குக் குறைந்தன. 1973-ஆம் ஆண்டில் சித்வான் தேசியப் பூங்கா ஆயிற்று. 2021-ஆம் ஆண்டில் நேபாளத்தின் மொத்தத் தொகை 752.

அஸ்ஸாமிலேயே மானஸ் பூங்காவின் கதை, பெற்றதை மீண்டும் இழக்கவும் கூடும் என்பதற்குச் சான்று. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் அப்பகுதியில் கலகம் மூண்டபோது காவல் குலைந்தது. அங்கிருந்த காண்டாமிருகங்கள் யாவும் அழிந்தன. அரை நூற்றாண்டில் பெருகியவை ஒரு பத்தாண்டு அமைதியின்மையில் மறைந்தன. அமைதி திரும்பிய பிறகு, 2005-ஆம் ஆண்டில் வகுத்த திட்டத்தின்படி, 2008-ஆம் ஆண்டு முதல் பபிதோராவிலிருந்தும் காஜிரங்காவிலிருந்தும் அவற்றைக் கொண்டுவந்து விட்டனர். இன்று மானஸில் மீண்டும் குட்டிகள் பிறக்கின்றன.

கொம்புக்காகத் திருட்டு வேட்டையாடும் கூட்டத்தாரின் தொல்லை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. காஜிரங்காவில் 2013, 2014 ஆகிய ஆண்டுகளில், ஆண்டுக்கு 27 காண்டாமிருகங்கள் அவர்கள் கையில் மாண்டன. காவலைப் பலப்படுத்திய பின் இத்தொகை குறைந்துகொண்டே வந்தது. 2022-ஆம் ஆண்டில் அஸ்ஸாமில் ஒன்றுகூட இவ்வாறு கொல்லப்படவில்லை. 1977-ஆம் ஆண்டுக்குப் பிறகு அதுவே முதன்முறை. அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதியன்று, அரசாங்கக் கருவூலங்களில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த 2,479 கொம்புகளைப் பொகாகாத் என்னும் ஊரில் பகிரங்கமாக எரித்தனர். கொம்புக்கு மருத்துவ மதிப்பு ஏதும் இல்லை என்பதை உலகுக்கு உரைத்த செயல் அது. கள்ளச் சந்தையில் பெரும்பொருள் பெறக்கூடியதைச் சாம்பலாக்கத் துணிந்த அரசாங்கத்தின் சொல்லை எவரும் ஐயுற இயலாது.

இயற்கையின் சோதனை ஒன்றும் உண்டு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் பிரம்மபுத்திரா பெருகி, பூங்காவின் பெரும்பகுதியை மூழ்கடிக்கிறது. இவ்வெள்ளம் பகையும் ஆகும், நட்பும் ஆகும். ‘பில்’ என்று அங்கே வழங்கும் ஏரிகளை நிரப்பி, வண்டலைக் கொணர்ந்து, புல்லைப் புதுப்பிப்பது அதுவே. வெள்ளம் இல்லையேல் மரங்கள் பெருகிப் புல்வெளி மறையும். புல்வெளி மறைந்தால் காண்டாமிருகமும் மறையும். ஆயினும் நீர் ஏறும்போது பிராணிகள் தெற்கே கார்பி ஆங்லோங் மலைகளை நாடி ஓட வேண்டும். இடையில் குறுக்கிடுகிறது தேசிய நெடுஞ்சாலை. விரையும் லாரிகளுக்கு இரையான பிராணிகள் பல. பூங்காவுக்குள் உயரமான மண்மேடுகள் எழுப்பியிருப்பதும், வெள்ளக் காலத்தில் வாகனங்களின் வேகத்துக்கு வரம்பு கட்டுவதும் இதற்காகவே. மலைக்குச் செல்லும் வழிகளில் கட்டடங்களும் கற்சுரங்கங்களும் பெருகினால், பூங்காவுக்குள் எத்துணைக் காவல் இருந்தாலும் பயன் சிறிதேயாகும்.

இவ்வெற்றியின் செலவைச் சுமந்தவர் யாவர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புலியும் யானையும் எருமையும் உலவும் நாணற்காட்டில், இரவு பகலாகச் சிறு முகாம்களில் தங்கிக் காவல் புரியும் வனக் காவலர் முதற்கண் நினைக்கத்தக்கவர். அவர்களுக்கு அடுத்தபடியாக, பூங்காவின் எல்லையில் பயிரிடும் எளிய மக்கள். காட்டுப் பிராணிகள் இரவில் வந்து மேய்ந்துவிட்டுப் போனால் ஓராண்டு உழைப்பு போயிற்று. பூங்கா விரியும்போதெல்லாம் யாரோ சிலருடைய வீடும் வயலும் கேள்விக்குள்ளாகின்றன. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் எல்லைக் கிராமங்களிலிருந்து மக்களை அகற்றியபோது நிகழ்ந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் இருவர் உயிரிழந்தனர். காவலர்கள் ஆயுதத்தைப் பயன்படுத்தும் முறை பற்றியும் கண்டனங்கள் எழுந்ததுண்டு. பிராணியைக் காப்பதா, மனிதனைக் காப்பதா என்று இதனை ஒரு வழக்காக்கி விடுவது எளிது. ஆனால் அயலில் வாழும் மக்கள் விரும்பாத காட்டை எந்தச் சட்டமும் நெடுநாள் காத்து நிற்க முடியாது. மானஸ் நமக்குக் கற்பித்த பாடம் இதுவே. பயிர் நஷ்டத்துக்குக் காலத்தில் ஈடு கிடைப்பதும், பயணிகள் வரவால் வரும் ஊதியம் ஊராருக்குச் சேர்வதும் துப்பாக்கிக் காவலுக்குக் குறையாத காவல்கள்.

ஊரைவிட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு, தாம் வாழும் மண்ணின் பெருமைகளை அறியும் வாய்ப்பு உண்டு. குவாஹாத்தியில் இருப்போருக்குப் பபிதோரா மிக அருகிலேயே இருக்கிறது; கொல்கத்தாவில் இருப்போர் வடவங்காளத்து ஜல்தாபாராவுக்கும், லக்னோவில் இருப்போர் துத்வாவுக்கும் போய் வரலாம். காஜிரங்கா மழைக்காலத்தில் மூடியிருக்கும். பனிக்காலமே செல்வதற்கு ஏற்றது. காலைப் பனி விலகும் நேரத்தில், புல்வெளியின் நடுவே தாயும் குட்டியும் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். அவற்றின் முன்னோர் ஒரு டஜன்தான். அந்த ஒரு டஜனைச் சுடாமல் விட்டவர்களும், பின்னர் அவற்றைச் சூழ்ந்து நின்று காத்தவர்களும் வைத்துச் சென்ற சொத்து அது. அதனைக் குறையாமல் அடுத்தவர் கையில் ஒப்படைப்பது நம் தலைமுறையின் கடமை.